நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீக?

ஐயா கதிரேசா,

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "ஒடிசாவுக்குப் போகட்டுமாம்மா? நீ ஒரு வார்த்தை சொன்னாத்தான் நான் ரயில் ஏறுவேன்" என்று கேட்டாய். நான், "மாவு பொங்கி வழியுது" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டேன். மாவு ஒன்றும் வழியவில்லை. அன்றைக்கு நான் மாவே ஆட்டவில்லை, நீ சாப்பிட்டது கடை மாவில் சுட்ட இட்லி. உங்கப்பா பின்னாலேயே வந்து, "வாயத் தொறந்து ஏதாவது சொல்லேன், பிள்ள மொகத்தையே பாத்துக்கிட்டு இருக்கான்ல" என்றார். வாய் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பிரஸ்ஸில் பிழை திருத்துகிற சாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஊரார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளையும் காலண்டர் தாள்களையும் நாள் முழுக்க வாசித்துக் காட்டுகிறவள் நான். எல்லார் வீட்டு 'நிகழும் மங்களகரமான' எல்லாம் என் வாய்க்குள் போய் வந்திருக்கிறது. சொந்த மகனுக்கு நாலு வரி எழுத வராதா என்ன, அதையும் பார்த்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

நான் ஏன் பதில் சொல்லவில்லை என்று நீயாக ஒரு காரணம் வைத்திருப்பாய். சென்னைக் கம்பெனி வேலையை வேண்டாம் என்றது அம்மாவுக்கு வருத்தம் என்று நினைப்பாய். கல்யாணப் பேச்சு தள்ளிப்போகிறது என்று நினைப்பாய். மொழி தெரியாத மலைக்காட்டில் பிள்ளை என்ன செய்வான் என்று பயப்படுகிறாள் என்று உன் கூட்டாளிகளிடம் சொல்லியும் இருப்பாய். கேட்பதற்கு இதெல்லாம் கௌரவமான காரணங்கள். என் காரணத்தில் அப்படி ஒரு கௌரவமும் கிடையாது. எனக்குப் பொறாமை. நீ போய் உட்காருகிற வீடுகளின் மேல் பொறாமை, நீ அக்கா என்று கூப்பிடுகிற பேச்சியின் மேல் பொறாமை, எல்லாரையும்விட அவள் மகள் மாரியின் மேல் பொறாமை. எட்டு வயசுப் பிள்ளை, உடுத்த ரெண்டு கவுனுக்கு மேல் இல்லாத பிள்ளை, அதன் மேல் ஐம்பதை நெருங்குகிற ஒருத்திக்கு வயிறு எரிகிறது என்றால் யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? உன்னிடம்தான் சொல்ல முடியும்.

நீ உன் வயசுப் பிள்ளைகளோடு அந்தக் குழுவில் சேர்ந்தபோது நான் பெருமைதான் பட்டேன். பிரஸ்ஸில் எல்லாரிடமும் சொன்னேன். அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி இல்லாத வீடுகளாகத் தேடிப் போய், ஒருத்தருக்கு ஒரு வீடு என்று பொறுப்பு எடுத்து, அந்த வீடு தலை நிமிர்கிறவரைக்கும் கூடவே நிற்பார்களாம் என்று சொன்னேன். ரேஷன் கார்டுக்கு அலைவது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது எல்லாம் என் மகன்தான் என்று சொன்னேன். உனக்குக் கிடைத்தது இருக்கன்குடிப் பக்கம் கரிமூட்டத்தில் கிடந்த பேச்சி வீடு. கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மண்ணைப் போட்டு மூடி, உள்ளே தீ வைத்துவிட்டு, புகை அடங்கிக் கரியாகிறவரைக்கும் பக்கத்திலேயே தார்ப்பாய்க்கு அடியில் காத்துக் கிடக்கிற பிழைப்பு. புருஷன் இல்லை. அந்த வீட்டுக்கு ஒரு நல்லது நடக்கட்டும் என்று நானே மாரியாத்தாவுக்கு நேர்ந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரியாது, அந்த நல்லதெல்லாம் என் பங்கிலிருந்து போகும் என்று.

முதலில் செல்போனில்தான் ஆரம்பித்தது. ஒரு நாள் பேச்சி உனக்குப் போன் போட்டு, பணம் வந்த மெசேஜை எப்படிப் பார்ப்பது என்று கேட்டாள். நீ வாசல்படியில் உட்கார்ந்து, "பச்சையா ஒண்ணு தெரியுதாக்கா? அதத் தொடுங்க. இல்லையா? பரவால்ல, மெதுவாப் பாருங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்று மூன்று முறை, நான்கு முறை, குரல் ஏறாமல் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தின வாரம்தான் உன் சித்திக்கு ஒரு போட்டோ அனுப்பத் தெரியாமல் உன்னிடம் போனை நீட்டினேன். "எத்தன தடவம்மா சொல்றது? குடு இங்கன" என்று பிடுங்கி, நீயே அனுப்பிவிட்டு, என் கையில் திணித்துவிட்டுப் போனாய். எனக்கும் அந்தப் பச்சையைத் தொடத் தெரியாதுதான் ஐயா. ஆனால் எனக்கு ரேஷன் கார்டு இருக்கிறது, அதனால் என் முறை வராது போலிருக்கிறது.

அப்புறம் சாப்பாடு. கேப்பைக் கூழைப் பார்த்தாலே சிறு வயதிலிருந்து மூஞ்சியைச் சுளிக்கிறவன் நீ. உங்கப்பாவுக்கு மட்டும் தனியாகக் கரைத்துக் கொடுத்துவிட்டு உனக்குத் தோசை சுட்டே என் தோள் போயிற்று. ஒரு நாள் நீ வந்து, "இன்னைக்குப் பேச்சியக்கா கூழு ஊத்துனாங்கம்மா, பச்ச வெங்காயத்தக் கடிச்சுக்கிட்டுக் குடிச்சேன், ஆஹா" என்றாய். ஆஹாவாம். குடித்த கும்பாவை நீயே கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்ததையும் பெருமையாகச் சொன்னாய். அன்று ராத்திரி நீ சாப்பிட்டு எழுந்த தட்டு, கை கழுவின தண்ணீரோடு, என் முன்னால் கிடந்தது. அதை நான் தொடவில்லை. உங்கப்பா எடுத்துக் கழுவினார்.

உன்னைக் கல்லூரிக்கு எழுப்ப நான் பட்ட பாடு இந்தத் தெருவுக்கே தெரியும். எதிர்வீட்டுக்காரி, "கதிரேசன் எந்திரிச்சுட்டானா, நான் வெளக்குமாத்தக் கொண்டாரட்டா?" என்று கேலி பேசுவாள். அப்படிப்பட்ட நீ மாரியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த புதிதில் விடிகிறதற்கு முன்னால் தானாக எழுந்து, பைக்கை சத்தம் வராமல் தெருமுனைவரைக்கும் உருட்டிக்கொண்டு போனாய். அவளுக்குப் பள்ளிக்கூடம் பழகுகிறவரைக்கும் யாராவது கூட வரவேண்டும், இல்லாவிட்டால் பாதி வழியில் மூட்டத்துக்கே திரும்பி ஓடிவிடுவாள் என்றாய். அவள் ஒரு கையில் உன் சட்டையைப் பிடித்துக்கொள்வாளாம், மறு கையில் சிலேட்டாம். சட்டை பின்பக்கம் கரி பிடித்து வரும். அந்தக் கரியைத் துவைத்தது யார்? சின்ன விரல்களின் அடையாளம் அப்படியே இருக்கும். சோப்புப் போட்டுக் கசக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வந்தது. கரி போகவில்லை என்ற கோபம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்கு வா என்று உன்னைக் கூப்பிட்டேன். உனக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டது நான், நீயும் கூட வந்து கும்பிட்டால்தானே முறை. "அன்னைக்குக் குழு வேலை இருக்கும்மா" என்றாய். சரி என்று பிரஸ் பெண்களோடு நடந்தே போனேன். கூட்டத்தில் தேங்காய்க்கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்கிறேன், எதிரே நீ வருகிறாய். உன் தோள் மேல் மொட்டைத்தலையில் சந்தனம் அப்பிக்கொண்டு மாரி. உன் தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் பேச்சி. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது நேர்ந்த முடிகாணிக்கையாம், அப்புறம் சொன்னாய். அதே இடத்தில்தான் உனக்கும் முதல் மொட்டை போட்டோம். என் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டினாய். நான் உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடாமல் ஒரு வளையல் கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். கடைக்காரன், "என்னக்கா, ஒங்களுக்கு வளவி வேணுமா, ஒளிய எடம் வேணுமா?" என்று கேட்டான். "ரெண்டும் வேணும்" என்றேன். அப்படி வாங்கினதுதான் நான் போடாமல் வைத்திருக்கிற அந்தப் பச்சை வளையல். உன் சித்திக்கு வாங்கினேன் என்று உன்னிடம் சொன்னது பொய்.

இதற்கெல்லாம் நடுவில் ஒரு நாள் நீ உன் குழுவின் வேலை முறையை எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். எனக்காகச் சொல்லவில்லை, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று என்னிடம் ஒத்திகை பார்த்தாய். முதல் நாள் ஒரு வீட்டுக்குப் போனால் பேனாவும் தாளும் கொண்டுபோகக் கூடாது. நாற்காலி கொடுத்தாலும் தரையில்தான் உட்கார வேண்டும். ஒரே கேள்விதான் கேட்க வேண்டும், 'நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீக?' அப்புறம் நீ சொன்னதுதான் எனக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டது. "பதில் வந்த ஒடனே எந்திரிச்சுரக் கூடாதும்மா. மொதல்ல சொல்றது வந்தவங்களுக்காகச் சொல்றது. சோறு, கொழம்பு, முட்டைன்னு சொல்லுவாங்க. நம்ம மறுபேச்சுப் பேசாம, அப்படியே உக்காந்திருக்கணும். கொஞ்ச நேரத்துல நெசமான பதில் வரும்." நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நீ நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டாய்.

அதற்கு அப்புறம்தான் நானும் பேச்சி வீட்டைப் பார்க்க வருகிறேன் என்று உன்னிடம் பிடிவாதம் பிடித்தேன். உதவி செய்ய வரவில்லை ஐயா, வேவு பார்க்கத்தான் வந்தேன். அப்படி என்ன மருந்து வைத்திருக்கிறாள் என்று பார்க்க வந்தேன். நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு பைக்கில் ஏறினேன். கரிமூட்டத்துக்கு யாராவது பூ வைத்துக்கொண்டு போவார்களா? பேச்சி என்னைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, அதையே விரித்து, "உக்காருங்கக்கா, எடம் கரியாக் கெடக்கு" என்றாள். நீ மண்ணில் உட்கார்ந்துவிட்டாய். முதல் நாள் மட்டும் இல்லை, எப்போது போனாலும் அந்தக் கேள்வியிலிருந்துதான் நீ ஆரம்பிப்பாய் போலிருக்கிறது. "நேத்து ராத்திரி என்னக்கா சாப்பிட்டீக?"

"சோறும் முட்டைக் கொழம்பும் தம்பி" என்றாள் பேச்சி. மாரி என் வளையலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உன் முறைப்படி காத்திருந்தாய். என்னால் காத்திருக்க முடியவில்லை. "ஏன் தாயி பொய் சொல்ற? முந்தாநாள் மழையில கரைஞ்ச சாம்பல் அடுப்புல அப்படியே காஞ்சு கெடக்கு. நீ நேத்து அடுப்பே பத்தவைக்கல" என்றேன். பேச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மாரி என் வளையலை விட்டுவிட்டு அம்மாவிடம் போய் ஒட்டிக்கொண்டாள். நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன். "நீ சும்மா இரும்மா. அவங்களா சொல்லட்டும்" என்றாய். சரிதான். தப்பு என்னுடையதுதான். நீ ஒரு வருடமாகப் பொறுமையாகத் திறந்துவைத்த கதவை நான் எட்டி உதைத்தேன். இப்போது அவளுக்குக் கார்டு வந்துவிட்டது, ஊருக்குள் வீடு பார்த்துக் குடிவந்துவிட்டாள், பேக்கிங் வேலைக்குப் போகிறாள், மாரி வாய்ப்பாடு சொல்கிறாள். நான் உடைத்ததை நீ எப்படியோ ஒட்டிவிட்டாய். போன மாதம் தெருவில் பார்த்தபோது பேச்சி, "அக்கா, நேத்து நெசமாவே முட்டைக் கொழம்பு" என்றாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்குத் திரும்பி வரும்போது சாத்தூர் தாண்டும்வரைக்கும் நீ பேசவில்லை. அப்புறம், "ஏம்மா அப்படிப் பேசுன?" என்று மட்டும் கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. நீ இன்னொரு கேள்வி கேட்பாய் என்று காத்திருந்தேன். பைக் நம் திருத்தங்கல் வந்துவிட்டது, நீ கேட்கவில்லை. அடுப்பைப் பார்த்ததும் அது பொய் என்று உனக்கு எப்படிம்மா தெரிந்தது என்று நீ கேட்கவே இல்லை.

உனக்கு என் சின்ன வயசு பற்றித் தெரிந்ததெல்லாம் வேடிக்கைக் கதைகள்தான். நான்தான் அப்படிச் சொல்லி வைத்தேன். தீப்பெட்டி ஆபீஸ் வேனில் நாங்கள் பிள்ளைகளெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டே வேலைக்குப் போனது, வழியில் கொய்யா பறித்தது, லேபிளில் இருந்த எழுத்தைப் பார்த்து எழுத்துக் கற்றுக்கொண்டது எல்லாம் உனக்குத் தெரியும். நீயும் அதை உன் கூட்டங்களில் சொல்லிச் சிரிக்கவைக்கிறாயாம். வேன் வரும்போது வெளியே இருட்டாக இருக்கும் என்று நான் சொன்னதில்லை. தூக்கம் கலைய அம்மா முகத்தில் தண்ணீர் அடிப்பாள், அப்படியும் கண் திறக்காவிட்டால் தூக்கிக்கொண்டுபோய் வேனுக்குள் போடுவாள். நாள் முழுக்கச் சட்டத்தில் தீக்குச்சி அடுக்கிவிட்டு வந்து சோற்றில் கை வைத்தால் குச்சி மருந்து வாடைதான் முதலில் வரும். அதுவும் சோறு இருக்கிற நாளில். எனக்கு அப்போது மாரியின் வயசு.

ஆபீஸ் லீவு விட்ட ஒரு நாள் நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி, வெளியூர்க்காரி, நீலச் சேலை, குடை பிடித்துக்கொண்டு எங்கள் தெரு வழியாக வந்தாள். பள்ளிக்கூடம் வராத பிள்ளைகளைப் பார்க்க வந்தாளோ, வழி தப்பி வந்தாளோ. என் முன்னால் நின்று, குனிந்து, "பாப்பா, சாப்பிட்டியா?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த மணத்திலேயே உட்கார்ந்திருந்தேன். "ம், சோறும் கருவாட்டுக் கொழம்பும்" என்று சொன்னேன். "அடேயப்பா" என்று சிரித்துவிட்டு, என் கன்னத்தைத் தட்டிவிட்டு அவள் போய்விட்டாள். அவள் தெருமுனையில் திரும்புகிறவரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன். திரும்பிப் பார்த்தால் பொய் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது. கேட்டாள், பதில் கிடைத்தது, போய்விட்டாள். அந்த நாள் முதல் யாரும் என்னிடம் அதைக் கேட்கவும் இல்லை.

அதனால்தான் அந்தப் பிள்ளையைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. மாரிக்கு நீ வந்தாய். இருட்டோடு எழுந்து, வேனுக்கு எதிர்த்திசையில் கூட்டிக்கொண்டு போக உன்னைப் போல ஒருத்தன் அவளுக்கு வந்தான். அவள் அம்மா பொய் சொன்னாலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்க ஒருத்தன் வந்தான். எனக்கு நீ வந்தாய்தான், மகனாக வந்தாய், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ரொம்பப் பிந்தி வந்துவிட்டாய் ஐயா. அதற்குள் நான் சோறு வடிக்கிறவளாக ஆகிவிட்டேன். இப்படி நினைப்பது கோணல் புத்தி என்று எனக்கே தெரிகிறது. தெரிந்தும் போகமாட்டேன் என்கிறது.

நீ போகப்போகிற மலையிலிருந்துதான் நம் பக்கத்துச் செங்கல் சூளைக்குக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள் என்றாய். அவர்கள் பிழைப்புத் தேடி ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதில்லாமல் பண்ணுகிற வேலைக்கே போகிறேன் என்றாய். போ. அங்கே யாராவது பட்டினியைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னால் நீயும் கூடச் சிரித்துவிட்டு வந்துவிடாதே. பிள்ளைகளிடம் தெருவில் நின்றுகொண்டு குனிந்து கேட்காதே, கூட உட்கார்ந்து கேள். அவர்கள் பாஷையில் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கற்றுக்கொள். கூழோ கஞ்சியோ கொடுத்தால் குடி, ஆஹா என்றும் சொல்லிக்கொள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். வயிற்றெரிச்சல் எனக்கு இங்கே இருக்கும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். பேச்சி வீட்டுக்கும் நீ இல்லாத நாளில் நான் போய் வருகிறேன். பூ வைத்துக்கொள்ள மாட்டேன்.

உன் கேள்விக்குப் பதில் இதுதான்: போய்விட்டு வா. மனசாரச் சொல்கிறேன். ஆனால் வியாழக்கிழமை விருதுநகரில் நீ ரயில் ஏறுவதற்கு முன்னால் எனக்கு ஒரு வேலை செய்ய வேண்டும். புதன்கிழமை காலையில் பிரஸ்ஸுக்கு லீவு சொல்லியிருக்கிறேன். உங்கப்பா ஷிப்டுக்குப் போன பிறகு அடுக்களைக்கு வா. போனை வெளியே வைத்துவிட்டு வா. தரையில் உட்கார். பேச்சி வீட்டில் கேட்பாயே, அந்தக் குரலில், அதே கேள்வியை என்னிடமும் கேள்.

சோறும் கருவாட்டுக் குழம்பும் என்றுதான் நான் முதலில் சொல்லுவேன். நீ எழுந்துவிடாதே, ஐயா.

அம்மா